அரை டிரம் தண்ணீர்

என் காவல்நாய் செவலையைக் கடித்தது எங்கள் ஊர் நாய் இல்லை. கழுகுமலை ரோட்டுப் பக்கமிருந்து வாயில் நுரை ஒழுக வந்த வெறிநாய். உளுந்தங்காட்டு ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்த என் ஆடுகளுக்குள் புகப் பார்த்தது. செவலை குறுக்கே விழுந்து மறித்தான். ஆட்டில் ஒன்றுக்குக்கூடக் கீறல் இல்லை. அவன் தோளில்தான் பல் ஆழமாக இறங்கியிருந்தது. கடித்த நாயை அன்றைக்கே பக்கத்து ஊரில் அடித்துப் போட்டுவிட்டார்கள்.

"விட்டுருட்டி வள்ளி. இனி இது ஆகாது" என்றார் என் வீட்டுக்காரர் கொம்பையா. "கயத்தாறுல குட்டி கெடக்காம். ஒண்ணு கொண்டாரேன்."

"நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா கயத்தாறுல இருந்து ஒருத்தியக் கொண்டாந்துருவியளோ?" என்றேன்.

கையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் பெரும்பாடு. ஆடு என்றால் லக்கேஜ் டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர், நாயைப் பார்த்ததும் விசிலை வாயில் வைத்துவிட்டார். ஷேர் ஆட்டோக்காரன் "கடிச்சா யாரு பொறுப்பு?" என்று கேட்டான், பதிலைக் கேட்க நிற்கவில்லை. கடைசியில் எங்கள் மொபெட்தான். செவலையின் வாயைப் பழைய துணியால் கட்டி, உடம்பை உரச்சாக்குக்குள் இறக்கி, தலை மட்டும் வெளியே தெரிய முன்னால் வைத்துக்கொண்டோம். முந்தின நாள் பெய்த மழையில் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு நகரவிடவில்லை. இறங்கித் தள்ளினேன். கொம்பையா நாயைத் திட்டினார், என்னைத் திட்டினார், ரோடு போடாதவர்களைத் திட்டினார். ஆனாலும் வண்டியைத் திருப்பவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மாட்டாஸ்பத்திரியில் டாக்டரம்மா யோகலட்சுமி முதலில் கேட்டது ஒன்றுதான். "முன்னால ஊசி போட்டிருக்கீங்களா?"

தை மாசம் ஊருக்கு வந்த முகாமில் போட்டிருந்தேன். வேலை கெட்ட வேலை என்று அன்றைக்கு ஊரே சிரித்தது.

"அதுதான் இவனுக்குத் துணை. இப்பவும் போடுதேன். ஒன்றரை மாசம் தனியாக் கட்டிப்போடுங்க. ஆடு, மாடு, பிள்ளைக எதையும் அண்ட விடாதீங்க. குணம் மாறுனா உடனே போன் பண்ணுங்க" என்றார். எங்கள் இரண்டு பேரையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு விரட்டி, கையில் ஊசி போட வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.

ஒன்றரை மாசம். சொல்ல நன்றாகத்தான் இருந்தது. நாய்க்குக் காவல் நான், ஆட்டுக்கு நாய் நான் என்று ஆகிவிட்டது. காடு முழுக்க உளுந்தும் பாசிப்பயறும் பச்சையாக நிற்கிற நேரம். செவலை இருந்தால் ஓரத்தில் ஒரு நடை நடப்பான், ஆடுகள் வேலிக்கருவையைத் தாண்டாது. அவன் இல்லை என்று தெரிந்த மறுநாளே ஒவ்வொன்றும் ஒவ்வொரு காட்டுக்குள் தலையை விட்டது. நான் செருப்பில் ஒரு படி மண்ணோடு ஓடினேன். காட்டுக்காரர்களின் ஏச்சு தனி. தொண்டை கட்டிப்போய், சாயந்தரம் வீட்டுக்கு வந்தால் அவனுக்குக் கம்பங்கஞ்சி, முட்டை, காயத்துக்கு மருந்து. இரும்புச் சங்கிலி புதிதாக வாங்கினேன். தீபாவளிக்கு வைத்திருந்த கிடாய்க்குட்டியை முன்கூட்டியே விற்றேன். தினமும் காலையில் ஆடு கிளம்பும்போது வீட்டுக்குப் பின்னால் புங்கமரத்தடியில் கிடந்து ஊளையிடுவான். அதைக் கேட்டுக்கொண்டு நடப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

அப்படி ஒரு வாரம்கூடப் போகவில்லை, எதிர்வீட்டுச் சங்கரபாண்டியன் அண்ணாச்சி நாலு பேரோடு வந்து நின்றார். அவர் கெட்டவர் இல்லை. சின்ன வயதில் அவருடைய தம்பி நாய்க்கடியில் செத்தவன். அது ஊருக்கே தெரியும். இப்போது அவர் வீட்டில் மகள் வயிற்றுப் பேத்தி தெருவில் ஓடி விளையாடுகிறாள்.

"வெறி ஏறுன நாய் தண்ணி குடிக்காது, வள்ளி. எங்க கண்ணு முன்னால குடிக்கட்டும். நாங்க பேசாமப் போயிருதோம்" என்றார்.

இவ்வளவுதானா என்று அலுமினியச் சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். செவலை மோந்துகூடப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான். கம்பால் சட்டியை அவன் பக்கம் தள்ளினேன். எழுந்து மரத்துக்கு மறுபுறம் போய்ப் படுத்துவிட்டான். வந்தவர்கள் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

"கஞ்சி குடிக்கான் அண்ணாச்சி. காலையிலகூடக் குடிச்சான்."

"கஞ்சி வேற, தண்ணி வேற. நாளைக்குச் சாயந்தரம் வாரோம். அப்பவும் குடிக்கலைன்னா நாங்க பாத்துக்கிடுதோம்."

என்ன பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்கத் தேவையில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "குடிக்கிறத வச்சு மட்டும் முடிவு பண்ண முடியாதும்மா. வெறி புடிச்ச நாயும் சில சமயம் குடிக்கும், நல்ல நாயும் சில சமயம் குடிக்காது. நாளை மறுநாள் நான் நேர்ல வாரேன், அதுவரைக்கும் யாரும் கை வைக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்றார். நான் சொன்னேன். அண்ணாச்சி கேட்டுக்கொண்டார், ஆனால் நாளைச் சாயந்தரம் என்பதை மாற்றவில்லை.

காலையில் கஞ்சி கொடுக்கவில்லை. தாகம் எடுத்தால் குடிப்பான் என்று மண்சட்டியில் வைத்துப் பார்த்தேன், பிளாஸ்டிக் வாளியில் வைத்துப் பார்த்தேன். தொடவில்லை. ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் நிஜமோ என்று எனக்கே ஒரு நினைப்பு வந்தது. அப்படி நினைத்ததற்காக என்மேலேயே ஆத்திரமாகவும் வந்தது. ஆடு பட்டினி கிடக்கமுடியாது. ஓட்டிக்கொண்டு கிளம்பினேன்.

உச்சிவெயிலில் பம்புசெட்டுத் தொட்டிக்கு ஆடுகளை விட்டேன். வழக்கம்போல வரிசையாகத் தலையைத் தாழ்த்தின. ஒரு காது அறுந்த கிழட்டு ஆடு மூளி, தொட்டியின் மூலையில் கொஞ்சம் இடம் விட்டு நின்றது. அந்த இடத்தில் புகப்போன இன்னொரு ஆட்டை முட்டித் தள்ளியது. அது செவலையின் இடம். கண் திறந்த குட்டியாக வந்த நாளிலிருந்து, மூளியின் தாடையோடு தாடை ஒட்டி அங்கேதான் அவன் தண்ணீர் குடித்திருக்கிறான்.

நெற்றியில் அடித்துக்கொண்டேன். வீட்டில் அவனுக்குக் கஞ்சிதான் ஊற்றியிருக்கிறேன். நேற்றுவரை பச்சைத் தண்ணீர் ஒரு நாளும் வைத்ததில்லை. தண்ணீர் என்றால் அவனுக்கு ஆட்டோடு குடிப்பது. சட்டியில் தனியாகக் குடிக்க அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

மூளி வாய் வைக்கும் முன் கழுத்தைப் பிடித்து இழுத்தேன். மற்றவற்றைக் குடிக்கவிட்டு, அதை மட்டும் தாகத்தோடு வைத்து, எல்லாவற்றையும் நேரமே வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.

"அந்த நீல டிரம்ம நீளவாக்குல ரெண்டா அறுங்க" என்றேன் கொம்பையாவிடம்.

"நல்ல டிரம்முட்டி. தண்ணி புடிச்சு வைக்கதுக்கு வாங்குனது."

"தண்ணிக்குத்தான் கேக்கேன். அறுங்க."

முனகிக்கொண்டே ரம்பத்தை எடுத்தார். இரண்டு பாதியையும் தொட்டிபோல நீளமாகப் போட்டேன். டாக்டரம்மா சொன்னதை மறக்கவில்லை. செவலைக்கு ஒரு பாதி, மூளிக்கு ஒரு பாதி, நடுவில் சங்கிலி எட்டாத தூரம். மூளியை அந்தப் பக்கம் முளையில் கட்டினேன்.

பொழுது சாய அண்ணாச்சி வந்தார். கையில் பெரிய கம்பு. கூட வந்தவர்களில் ஒருவன் கயிற்றுச் சுருக்கு வைத்திருந்தான். நான் இரண்டு டிரம்மிலும் தண்ணீரை ஊற்றினேன்.

மூளி உடனே குடிக்கவில்லை. ஆட்களைப் பார்த்தது. கீழே கிடந்த புங்க இலையை மென்றது. எனக்கு அதைக் கொன்றுபோடலாம் போல இருந்தது. "குடிச்சுத் தொலை, என் தாயில்ல" என்று கெஞ்சினேன். அப்புறம்தான் தலையைத் தாழ்த்தி உறிஞ்சத் தொடங்கியது.

அந்தச் சத்தம் கேட்டதும் செவலையின் காது நிமிர்ந்தது. எழுந்தான். சங்கிலி இழுபட அவன் பாதியிடம் வந்தான். மூளியை ஒருமுறை பார்த்தான். தலையைத் தாழ்த்தி நக்க ஆரம்பித்தான். நக்கினான், நக்கினான், மூச்சு விடாமல் குடித்தான். எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

சுருக்கு வைத்திருந்தவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனான். மற்றவர்களும் போனார்கள். சங்கரபாண்டியன் அண்ணாச்சி மட்டும் நின்றார்.

"என் தம்பி கடைசில தண்ணிய நீட்டுனாலே அலறுவான்" என்றார், நாயைப் பார்த்தபடியே. "எங்க அம்மை கெஞ்சிக் கெஞ்சிக் குடுத்தா. ஒரு முழுங்கு எறங்கல."

அவர்மேல் நேற்றிலிருந்து கனன்ற கோபம் அந்த இடத்தில் தணிந்துவிட்டது. டிரம் பாதி காலியாகியிருந்தது.

"அண்ணாச்சி, வாளி அங்கன கெடக்கு. நான் நாள் பூரா ஆட்டுக்குப் பின்னால ஓடுனவ. நீங்க ஊத்துங்க" என்றேன்.

கம்பைச் சுவரில் சாத்திவிட்டு, எட்ட நின்றே ஊற்றினார். செவலை மறுபடியும் குடித்தான்.

சங்கிலியை நான் அவிழ்க்கவில்லை. டாக்டரம்மா வந்து பார்த்து, இன்னும் ஒரு மாசத்துக்கு மேல் கிடக்கிறது என்றார். கிடக்கட்டும், அதுவரைக்கும் ஆட்டுக்கு நான் குரைக்கிறேன். மறுநாள் சாயந்தரம் நான் காட்டிலிருந்து வந்தபோது அண்ணாச்சி ஏற்கெனவே வந்திருந்தார். பேத்தியைத் தெருவிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, நிறைந்த வாளியோடு மூளிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். செவலை குடித்து முடிக்கிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.