தன் காலுடன் நேரில் வருக

சகல ஜனங்களுக்கும், குறிப்பாகக் கால் இருப்பவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும், அறிவிக்கப்பட்டதாவது: செயற்கைக் கால் செய்வோர் சங்கமும், கால் பெல்ட் செய்வோர் சங்கமும் பதினோரு வருடப் பகையை மறந்து, 1993ஆம் வருடம் ஆவணி மாதம், ஸ்ரீவில்லிபுத்தூரில், மைக் செட் சாட்சியாக ஒரே சங்கமாயின. மானுடம் அன்று ஓரடி முன்னே வைத்தது.

அப்படி வைத்த இருபத்தெட்டாம் நாள், ராஜபாளையத்தில் பிச்சை முகம்மதைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர் மனைவி ஹாஜரா உள்ளறையில் சேலைத் திரைக்குப் பின்னால் இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண் முகம் பார்க்கக்கூடாது. ஆகவே உலகம் இனி அவளுக்குக் காது வழியாகத்தான் வரும். முற்றத்தில் தண்ணீர் விழுந்தது. ஒரு பக்கத்துக்குத் தண்ணீர் குறைவாகத்தான் செலவாகும் என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே கடிந்துகொண்டாள்.

"தம்பி வந்துட்டானா?"

"வருவான். நீ ஓது," என்றாள் பக்கத்து வீட்டு மெகராஜ் பேகம்.

தம்பி அல்லா பிச்சை கால் வாங்கப் போயிருந்தான். புருஷன் மண்ணுக்குப் போவதற்குள் அவர் கால் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது ஹாஜராவின் பிடிவாதம்.

மில்லில் கால் போன பிச்சை முகம்மது, ஒன்பது வருடமாகச் செயற்கைக் காலில் நடந்தவர். வார் மாற்றுவதற்காகக் காலைச் சங்கத்துப் பட்டறையில் கொடுத்த வாரத்தில்தான் சங்கங்கள் இணைந்தன. இணைப்பு விழாவில் நோயாளிகளுக்கும் கடைசி வரிசையில் பெஞ்சு போட்டிருந்தார்கள். கட்டையை ஊன்றி எழுந்து அவர் கேட்டார்: "ரெண்டும் ஒண்ணாயிட்டா எங் காலு யாரு பொறுப்புலய்யா இருக்கும்?"

செயலாளர் ரத்தினம், "அருமையான கேள்வி!" என்று கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். பதில் சொல்லியாகிவிட்டது என்றே எல்லோருக்கும் ஞாபகம்.

"பதில் வந்துச்சா?" என்று வீட்டில் ஹாஜரா கேட்டாள்.

"கேசரி வந்துச்சு."

பிறகு விதி வந்தது. பழைய ரசீதுகள் செல்லாது. நோயாளி தன் செயற்கைக் காலுடன் நேரில் வந்து, நடந்து காட்டிப் புதிதாகப் பதிய வேண்டும். பதியாதவருக்குக் கால் கிடையாது.

"காலைக் குடுத்தாத்தானய்யா நடந்து காட்ட முடியும்?"

"நீங்க சொல்றது நியாயம் பாய். ஆனா அது தீர்மானம் ஏழு."

மூன்று தடவை கக்கத்துக் கட்டையோடு பஸ் ஏறிப் போய் வந்தார். நாலாவது தடவைக்கு விடியற்காலையில் எழுந்து சட்டையை மாட்டியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை.

வாசலில் ஆட்டோ சத்தம். "அக்கா, கொண்டாந்துட்டேன்!" என்றது தம்பியின் குரல்.

"எப்படிலே குடுத்தாக?"

"செத்தவுகளுக்குத் தனி விதியாம்க்கா. வாரிசு கையெழுத்துப் போட்டாப் போதும். அரை மணி நேரத்துல வேல முடிஞ்சிருச்சு. செயலாளரும் கூடவே வந்துட்டாரு."

ரத்தினம் இரண்டு மாலைகள் கொண்டு வந்திருந்தார். இணைந்தது சங்கம்தான், மாலை நிதி இன்னும் இணையவில்லை. மய்யித்துக்கு மாலை போடும் வழக்கமில்லை என்று யாரோ காதில் சொல்ல, இரண்டையும் வாங்கிச் சைக்கிள் ஹாண்டில்பாரில் மாட்டினார்கள். அந்தச் சைக்கிளைப் பார்த்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றுவிட்டு அவர் போனார்.

"காலையும் கூட வச்சிரலாமா?" என்று திரைக்குள்ளிருந்து ஹாஜரா கேட்டாள்.

"அது மரமும் தோலுந்தானம்மா," என்றார் பள்ளிவாசல் ஹஜ்ரத். "இருக்கிறவங்களுக்கு ஆகட்டும்."

மய்யித்தைச் சுமந்து சந்தாக்கு போயிற்று. அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பினார்கள். கூட்டம் கலைந்த பிறகும் ஒரு கக்கத்துக் கட்டை மட்டும் வாசலில் டொக்கென்று இடம் மாறி நின்றது.

"தளவாய்புரத்து அண்ணனா?"

"ஆமா தங்கச்சி. தனுஷ்கோடிதான்." பட்டறை பெஞ்சில் பிச்சை முகம்மதுக்குப் பக்கத்து இடம் அவருக்கு. வாசலோடு பேசிப் போகும் குரலாகவே அவரை ஹாஜராவுக்குத் தெரியும்.

"ஒங்க காலு வந்துருச்சாண்ணே?"

"எங்க வர? நானும் இன்னும் பதியல."

"அவிய போனதும் அரை மணியில குடுத்துட்டாகளே."

"எனக்கு அம்புட்டு அவசரமில்லம்மா."

ஹாஜராவுக்குச் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே மற்றதும் வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். செத்த நேரம் கழித்து, மடியிலிருந்த காலைத் திரைக்கு அடியில் மெல்ல வெளியே தள்ளினாள்.

"நீங்க போட்டுக்கிடுங்கண்ணே. அவிய நடந்த காலு. சும்மா கெடக்க வேண்டாம்."

"அக்கா, அது வந்து..." என்று தம்பி ஆரம்பித்தான். கட்டை ஒருமுறை தரையில் தட்டியது. தம்பி நிறுத்திக்கொண்டான்.

"பொருந்துமாண்ணே?"

"அளவெடுத்த மாதிரி இருக்கு தங்கச்சி," என்றார் தனுஷ்கோடி. "நான் வாரேன்."

தெருமுனை வரைக்கும் கட்டைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாள் ஹாஜரா.

அது இடது கால். தனுஷ்கோடிக்கு இல்லாதது வலது.