எட்டு நிமிடம் குறைவு

ஏஜென்ட் போனில் சொன்னதும் அவனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. எட்டு நிமிடம். டீ ஆறுகிற நேரம். அதற்காகவா பேசி முடித்த ஒப்பந்தத்தை ஒரு வெளிநாட்டுக் கால்பந்து கிளப் அந்தரத்தில் தொங்கவிடும்?

"கிளப் இல்ல தலைவா, அந்த நாட்டுச் சட்டம். வொர்க் பெர்மிட் வேணும்னா, போன ஒரு வருஷத்துல உன் தேசிய அணி ஆடின நேரத்துல நூத்துக்கு எழுபது நீ மைதானத்துல நின்னிருக்கணும். பத்து மேட்ச்சுக்கு அறுநூத்தி முப்பது நிமிஷம். நீ நின்னது அறுநூத்தி இருபத்திரெண்டு."

சிரிப்பு நின்றது. அவனுக்கு இருபத்தொன்பது வயது. இடது ஓரத் தடுப்பாட்டக்காரனை இந்த வயதுக்கு மேல் எந்தக் கிளப்பும் கடல் கடந்து வந்து கூப்பிடாது. மனைவி மருந்துக்கடை வேலையை விட்டாகிவிட்டது. மகளுக்குப் பள்ளியில் டி.சி. வாங்கியாகிவிட்டது. வீட்டைக் காலி செய்வதாகச் சொன்ன மறுநாளே வீட்டுக்காரர் வேறு ஆளுக்குச் சுற்றிக் காட்டிவிட்டார்.

அந்த நிமிடங்கள் எங்கே போயின என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். கடைசி ஆட்டத்தில் மூன்று கோல் முன்னிலை. முடியப் பதினோரு நிமிடம் இருக்கும்போது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிடிப்பாவது மண்ணாங்கட்டியாவது! பெஞ்சில் அவனுடைய தம்பி இருந்தான். பத்தொன்பது வயது, அதே இடது ஓரம். அம்மா அன்றுதான் முதல்முறையாக மைதானத்துக்கு வந்திருந்தாள். இரண்டு பிள்ளைகளையும் நாட்டுச் சட்டையில் அவள் பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டான். தம்பி உள்ளே ஓடினான், அம்மா அழுதாள், இவன் கை தட்டினான்.

"அன்னிக்குக் கால் பிடிச்சுதானே வெளிய வந்தே?" என்றான் ஏஜென்ட். "காயம்னா, விட்ட நிமிஷத்தையும் ஆடினதாவே எடுத்துப்பாங்க. அப்பீல் போடு."

போட்டான். விசாரணை வீடியோவில் நடந்தது. மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாள் மரியாதையாகத்தான் கேட்டார்.

"எந்தக் கால்?"

"வலது கால், மேடம். நிக்கவே முடியல."

அவர் ஒரு காட்சியை ஓடவிட்டார். ஆட்டம் முடிந்த கையோடு மைக் முன்னால் இவனே நிற்கிறான், தம்பி கழுத்தில் கை, முகம் முழுக்கப் பல். "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். என் தம்பி ஆடணும்னுதான் உக்காந்தேன்!" கீழே அவர்கள் மொழியில் எழுத்து ஓடியது.

நல்லது செய்தவன் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போனானா? அண்ணன் என்றால் இவனல்லவா அண்ணன் என்று பேப்பர்காரர்கள் மூன்று நாள் தூக்கி வைத்துக் கொண்டாடியபோது இனித்ததல்லவா? விண்ணப்பம் தள்ளுபடி.

அடுத்த வாரம் அம்மாவும் தம்பியும் வீட்டில் இருந்தபோது ஏஜென்ட் நேரில் வந்தான். சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டு இவன் முகத்தைத் தவிர மற்றதையெல்லாம் பார்த்தான்.

"கிளப்புக்கு இடது ஓரத்துக்கு ஆள் வேணும். வெள்ளிக்கிழமையோட ஆள் எடுக்கற கெடு முடியுது. இருபத்தொண்ணு வயசுக்குக் கீழன்னா சட்டம் வேற. நாட்டுக்காக ஒரு தடவை இறங்கியிருந்தாப் போதும்." தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "சின்னவனைக் கேக்கறாங்க."

அம்மா சந்தோஷப்படலாமா என்று பெரியவன் முகத்தைப் பார்த்தாள்.

"நீ வேணாம்னா போகலண்ணா," என்றான் தம்பி. நிஜமாகவே சொன்னான், பாவி. அதுதான் இன்னும் எரிந்தது.

வேணாம் என்ற சொல் நாக்கு வரை வந்தது. "போடா, கேக்கணுமா இதெல்லாம்?" என்றான்.

"ஊர் மெச்சின அண்ணனாச்சே," என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போனாள். கட்டி வைத்த அட்டைப்பெட்டி ஒன்றை அவள் பிரிக்கும் சத்தம் கேட்டது.

"பாரம் எழுதி உனக்குத்தானே பழக்கம்," என்றாள் அம்மா தயங்கித் தயங்கி. "நீயே எழுதிக் குடுத்துடுப்பா."

எழுதினான். பெயர், பிறந்த தேதி, ஆடும் இடம். எல்லாக் கட்டமும் மனப்பாடம். தேசிய அணிக்காக ஆடிய நிமிடங்கள் என்ற இடத்தில் 11 என்று போட்டான். அந்தக் கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. தன் விண்ணப்பத்தை நிரப்பியபோது தனக்குச் சம்பந்தமில்லை என்று படிக்காமல் விட்டது. இருபத்தொரு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு நிமிடம் போதுமானது.

ஒரு நிமிடம். கடைசி நிமிடத்தில் உட்கார்ந்திருந்தாலும் தம்பி இறங்கியிருப்பான், அம்மா இதே அழுகையைத்தான் அழுதிருப்பாள். பெட்டியைப் பிரிக்க வேண்டி வந்திருக்காது. அள்ளிக் கொடுத்த தன் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது. தம்பியை ஏறிட்டுப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

"கையெழுத்து எங்கண்ணா?" தம்பி தோளுக்கு மேல் குனிந்து கேட்டான்.

"இங்க," என்று விரல் வைத்துக் காட்டினான்.