நாகலூர் மேசையில் நானூறு மண்டலங்கள்

என் நாலு வருஷ வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஐந்து பெண்களின் கையில் கொடுத்தேன். ஆசைப்பட்டுக் கொடுக்கவில்லை. என் ஆய்வுக் கட்டுரையைப் படித்த முகம் தெரியாத மதிப்பீட்டாளர் இரண்டே வரியில் கழுத்தைப் பிடித்திருந்தார். விண்மீன் மண்டலப் படங்களைப் பிரித்தவருக்கு எது எந்த வகை என்று முன்பே தெரியும். தெரியாதவர்களை வைத்து மறுபடி பிரியுங்கள் என்று எழுதியிருந்தார்.

கட்டுரை சொல்வது இதுதான். பெரிய விண்மீன் மண்டலங்களின் நடுவில் பெரும்பாலும் ஒரு கருந்துளை உண்டு. பல சும்மா கிடக்கின்றன. சில மட்டும் வாயுவை வாரி விழுங்குகின்றன. விழுங்கும்போது அந்த வாயு சூடேறி ஒளிர்கிறது. தீனி எங்கிருந்து வருகிறது? இரண்டு மண்டலங்கள் மோதிச் சேரும்போது வட்டு குலைகிறது, நட்சத்திரங்கள் வாலாக இழுபடுகின்றன, வாயு நடுவுக்குச் சரிகிறது. ஆகவே மோதல்தான் தீனி போடுகிறது என்று எழுதினேன். தின்னும் கருந்துளை உள்ள மண்டலங்கள் இருநூறு, சும்மா இருப்பவை இருநூறு எடுத்து, படங்களைப் பார்த்து நானே பிரித்தேன். தின்னும் கூட்டத்தில் உருக்குலைந்தவை தொண்ணூற்று நான்கு, மற்றதில் நாற்பது. இந்த வித்தியாசத்தை நம்பித்தான் ஜெர்மனியில் எனக்கு ஒரு வேலை பேசி வைத்திருக்கிறார்கள்.

என் வழிகாட்டி ரொனால்ட் சார் நானூறு படங்களுக்கும் எண்ணை மாற்றி, எது எந்தக் கூட்டம் என்ற பட்டியலைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். ஆள் பிடிப்பது என் தலையில் விழுந்தது. படித்தவர்களைக் கூப்பிட்டால் படத்துக்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். எனக்கு விளக்கம் வேண்டாம், கண் இருந்தால் போதும். விடுமுறைக்கு என் ஊரான செம்மநத்தத்துக்கு வந்தபோது அமுதவல்லி ஞாபகம் வந்தது. ஏற்காட்டில் பத்தாவது வரை என் பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது நாகலூரில் ஒரு எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை பிரிக்கிறாள். உடைசலும் கறுப்பும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

அவளும் கூட வேலை செய்யும் நாலு பேரும் பிரியாணிக்கு ஒத்துக்கொண்டார்கள். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரிடம் சாவி வாங்கி, கொட்டை பிரிக்கும் கொட்டகையைத் திறந்தோம். போஸ்ட்கார்டு அளவுப் படங்களை மேசையில் கொட்டினேன். வெள்ளைத் தாளில் சாம்பல் நிறக் கறைகள், அவ்வளவுதான் தெரியும்.

"இதுல என்னத்த பாக்கோணும் கண்ணு?" என்றார் அருக்காணி அக்கா. ஐவரில் மூத்தவர்.

"கோணல்மாணலா, வால் இழுத்த மாதிரி, ஓரம் பிஞ்ச மாதிரி இருந்தா எடது பக்கம் போடுங்கக்கா. உருப்படியா இருந்தா வலது பக்கம்."

கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் அத்தனையும் இடது பக்கம் கிடந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்கக்கா, ஒண்ணுகூடவா தேறல?"

"எல்லாத்துலயும் நடுவுல பூச்சி ஓட்டை இருக்குது கண்ணு. எப்படித் தேறும்?"

கருந்துளை தின்னும்போது நடுப்பகுதி பளிச்சென்று இருக்கும். அது காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று எல்லாப் படங்களிலும் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்து மறைத்திருந்தோம். காப்பிக்கொட்டையில் அப்படிப் பொட்டு இருந்தால் உள்ளே பூச்சி இருக்கும். அவர்கள் வேலையை அவர்கள் ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள். பொட்டைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று சொல்லி, கலைத்து, மறுபடி கொடுத்தேன்.

மூன்று மணிக்கு இடது பக்கம் விழுந்த படங்களின் எண்களை ரொனால்ட் சாருக்கு அனுப்பினேன். அவர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பதில் போட்டார். தின்னும் கூட்டத்தில் உருக்குலைந்தவை எழுபத்தொன்று, சும்மா இருக்கும் கூட்டத்தில் அறுபத்தொன்பது. வித்தியாசமே காணோம்.

உடனே ஒரு சாக்கும் கிடைத்தது. சந்தேகம் வந்த படங்களை எல்லாம் அவர்கள் இடது பக்கம் தள்ளுவதைப் பார்த்திருந்தேன். நல்ல குவியலில் ஒரு சொத்தை போனால் திட்டு விழும். சொத்தையில் ஒரு நல்லது போனால் கேட்க நாதியில்லை. இந்தப் பழக்கம்தான் என் வித்தியாசத்தை அமுக்கிவிட்டது என்று முடிவு கட்டினேன். சந்தேகம் வந்தால் இந்தத் தடவை வலது பக்கம் போடச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தார்கள். ஐந்தரை மணிக்குப் பதில் வந்தது. தின்னும் கூட்டத்தில் முப்பத்தாறு, மற்றதில் முப்பத்தெட்டு. கீழே ரொனால்ட் சார் ஒரு வரி எழுதியிருந்தார்: "இதுதான் விடை என்று நினைக்கிறேன், தீபிகா."

மோதல் மண்டலங்களை மாற்றவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. தட்டையான வட்டுகள் மோதிக் குலைந்து உருண்டையாகின்றன; இரண்டு கருந்துளைகளும் நெருங்கி நெருங்கி ஒரு காலத்தில் ஒன்றாகின்றன. அதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் எடுத்த இருநூறு கருந்துளைகள் மோதலுக்குக் காத்திராமலே தின்கின்றன, அவ்வளவுதான். ஆனால் என் கட்டுரையின் தலைப்பே அதற்கு நேரெதிராக இருந்தது.

"ஏம்புள்ள, மூஞ்சி செத்துப்போச்சு?" என்றாள் அமுதவல்லி.

"ஒரு பாதியில நொம்ப வரோணும், இன்னொரு பாதியில கம்மியா வரோணும். ரெண்டும் ஒண்ணா வந்திருக்குது."

"இதுக்கா இந்தப் பாடு? எது எந்தப் பக்கம் வரோணும்னு மொதல்லயே சொல்லியிருந்தா அப்படியே போட்டிருப்போமே."

கிண்டலாகச் சொல்லவில்லை, பாவம் பார்த்துத்தான் சொன்னாள். நானூறும் எனக்கு மனப்பாடம். எண்ணை மாற்றினாலும் பொட்டு வைத்தாலும் எது எதுவென்று தெரியும். ஒரு நிமிஷம் ஆசை வந்தது.

"முன்னாடி பிரிச்ச ஆளுக்கு எத்தன வந்துச்சு?" என்று கேட்டாள்.

"தொண்ணூத்தி நாலு. இந்தப் பக்கம் நாப்பது."

அவள் படங்களைத் தட்டிச் சமப்படுத்தி அடுக்கினாள். "அப்ப அந்த ஆளுகிட்ட யாரோ சொல்லிப்போட்டிருக்காங்க. எங்க மேசையிலயும் சொல்லிக் குடுத்தாத்தான் இப்படி வேணுங்கறபடி வரும். இனிமே அந்த ஆளச் சேக்காத புள்ள."

"அந்த ஆளு நான்தான்."

அவள் கை நின்றது. "உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கு அப்படி வரோணும்னு இருந்துச்சு."

சொல்லும்போதே முகம் எரிந்தது. அங்கேயே உட்கார்ந்து ரொனால்ட் சாருக்கு எழுதினேன். என் எண்களை எடுத்துவிடுங்கள், இவர்களுடைய எண்களைப் போடுங்கள், ஜெர்மனிக்கு நானே சொல்லிக்கொள்கிறேன் என்று.