கூரைப் பனி

நிலாணி காரை நிறுத்திவிட்டு இறங்காமல் கல்யாண மண்டபத்தின் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பத்து நாளாகக் கொட்டிய பனி சரிந்த தகரக் கூரையில் முழங்காலளவு கிடந்தது. முகட்டுக்குச் சற்றுக் கீழே, கூரையின் நீளத்துக்கும், பனியில் கையகலத்தில் ஒரு வெடிப்பு. பனி கீழ்நோக்கி ஊரத் தொடங்கிவிட்டது. நேர் கீழே வாசல். இன்னும் அரை மணித்தியாலத்தில் தங்கை அட்சயாவின் மாப்பிள்ளையை அங்கே நிறுத்திக் கால் கழுவி, ஆரத்தி எடுத்து அழைப்பார்கள்.

ஒவ்வொரு மாரிக் குளிருக்கும் மேற்கே மலைகளுக்குப் போய், பாதையில்லாத சரிவுகளில் பனிச்சறுக்குபவள் அவள். "ரொறன்ரோவில இல்லாத பனியோ?" என்று வீட்டில் சிரிப்பார்கள். போன வருஷம் ஒரு சரிவில் சந்தேகம் வந்தும், எல்லாரும் ஆசையாக நிற்கிறார்களே என்று பேசாமலிருந்துவிட்டாள். சரிவிலிருந்த பனி மொத்தமாக அறுந்து சரிந்தது. நண்பன் மாக்கஸைப் பனிக்குள்ளிருந்து உயிரோடு தோண்டியெடுக்க ஒன்பது நிமிஷம் பிடித்தது. அதை அவள் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

மண்டபக்காரரிடம் ஏணி வாங்கி, சேலையைச் செருகிக்கொண்டு பக்கச் சுவரில் ஏறினாள். ஓரத்துப் பனியைக் கையால் வெட்டிப் பார்த்தாள். மேலே பலகைபோல இறுகியிருந்தது. அடியில், தகரத்தை ஒட்டி, நனைந்த சீனிபோல உதிர்ந்தது. விரலிடுக்கால் தண்ணீர் வழிந்தது. நேற்று மைனஸ் பதினைந்து, இன்று பிளஸ் நாலு. உள்ளே முந்நூறு பேருக்கான ஹீட்டர் வேறு.

வாசல் கதவை உள்ளிருந்து பூட்டச் சொல்லிவிட்டு, வெளியே பாதையை மறித்து நின்றாள்.

"ஒருத்தரும் இதால வரக்கூடாது. மாப்பிள்ளையைப் பின்னால, சமையல் குசினிப் பக்கத்தால கூட்டிக்கொண்டு போவம்."

"உனக்கென்ன விசரே?" பக்கக் கதவால் ஆரத்தித் தட்டோடு வந்த தாய் குணவதி கொதித்தாள். "குப்பைவாளியளுக்குள்ளால மாப்பிள்ளை வாறதோ? உந்தக் கூரை இருவது வருஷமா நிக்குது."

"கூரை நிக்கும் அம்மா. பனி நிக்காது."

மாப்பிள்ளையின் கார் வந்து நின்றது. மேளம் தொடங்கியது. குணவதி மகளை விலக்கப் பார்த்தாள்.

"போன வருஷம் நான் வாய் திறக்காமல் நிண்டு ஒருத்தன் சாகப் பாத்தவன், அம்மா." நிலாணி இரு கைகளையும் விரித்தாள். கால் நகரவில்லை. "இண்டைக்கு நான் விடமாட்டன்."

குணவதி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு சட்டென்று மேளக்காரர் பக்கம் திரும்பி, "தம்பியவை, பின்பக்கத்தால வாங்கோ!" என்றாள்.

ஊர்வலம் இருபதடிகூடப் போயிராது. பின்னால் தகரம் கிறீச்சிட்டது. அடுத்த கணம் நிலம் அதிர்ந்தது. எல்லாரும் திரும்பினார்கள். வாசலில் ஆளுயரத்துக்குப் பனி. நிறைகுடம் வைத்த மேசையைக் காணவில்லை.

 தலைப்பாகையைப் பிடித்தபடி மாப்பிள்ளை கிருபன்தான் கேட்டான்:

"அக்கா, குசினி எந்தப் பக்கம்?"

சிரிப்பு வெடித்தது. குணவதி ஆரத்தித் தட்டை மகளின் கையில் கொடுத்து, "நீ முன்னுக்கு நட" என்றாள்.

நிலாணி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள். குசினிக் கதவு திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. சமையல்காரர் இருவர் அகப்பையோடு ஒதுங்கி நின்றார்கள். தவில் அந்தச் சின்ன இடத்துக்குள் நுழைந்ததும், அடுக்கியிருந்த பாத்திரங்களெல்லாம் சேர்ந்து அதிரத் தொடங்கின.