பாறைக்கு ஒட்டுப் போட்டவர்

கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த அந்தப் பாறையின் நடுவில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. படகு இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வரலாம். படகுக்காரரின் பிழைப்பே அந்த ஓட்டைதான். உள்ளே போனதும் எஞ்சினை அணைத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பிப்பார்.

"அலை இந்தப் பக்கம் ஒரு குகை குடைஞ்சுது. அந்தப் பக்கம் ஒண்ணு குடைஞ்சுது. ரெண்டும் முதுகோட முதுகு முட்டி வாசல் திறந்துக்கிச்சு. மேல பாருங்க, கூரை எப்படி நிக்குதுன்னு!"

எல்லாரும் வாயைப் பிளப்பார்கள். அந்தக் கூரை ஒருநாள் விழும், வெறும் தூண்தான் மிஞ்சும் என்ற கடைசி வரியைப் பற்றி மட்டும் மனிதர் மூச்சுவிட மாட்டார்.

"அதையும் சொல்லுங்களேன்" என்பாள், பின்னால் உட்கார்ந்து லைஃப் ஜாக்கெட் எண்ணும் மனைவி.

"உன் வாயில நல்லதே வராதா?"

ஒருநாள் கூரையில் விரிசல் தெரிந்தது. மனைவி ஒரே பிடியாக நின்றுவிட்டாள்.

"இனிமே அடியில போகக்கூடாது. அடுத்தவங்க புள்ளைங்க உயிரு."

படகு வாசலோடு திரும்பியது. "இதுக்கா வந்தோம்?" என்று பயணிகள் முகம் சுளித்தார்கள். கூட்டம் கரைந்தது. படகுக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என்ன செய்தார் தெரியுமா? மச்சானைப் பிடித்தார். மனைவியின் தம்பி, கொத்தனார். ஊரில் அவருக்கு மூக்கன் என்றுதான் பெயர். ஆள் வருவதற்கு முன்னால் மூக்கு வந்துவிடும். இருவரும் தண்ணீர் வற்றிய நேரம் பார்த்து, ஏணி போட்டு ஏறி, விரிசலில் சிமெண்டை அப்பினார்கள். மலையையே தின்கிற கடலுக்கு ஒரு மூட்டை சிமெண்ட்! அட கடவுளே!

"இன்னும் கொஞ்சம் தடிப்பா அப்பு மச்சான்!"

மூக்கனுக்குத் தாராளமான கை. கடல் பக்கம் கூரையைத் தாங்கி நின்ற தூணின் தலையில் ஒரு பெரிய கட்டியாக அப்பி, கரண்டியால் வழவழவென்று இழைத்தும் விட்டார். "இனி அசையாது மச்சான்!"

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "கடல் உங்க சிமெண்டையா தின்னும்? பக்கத்துல மெத்துன்னு இருக்கற பாறையத் தின்னும். அடியில போற பேச்சே கிடையாது."

அவள் வாய் பலித்தது. காற்றும் அலையுமாகப் பேயாட்டம் ஆடி ஓய்ந்த ஒரு காலையில், தேநீர் டம்ளர் கையில் இருக்கும்போதே டமாரென்று ஒரு சத்தம். ஜன்னலெல்லாம் நடுங்கியது. படகுக்காரர் ஓடினார். கூரை போயே போய்விட்டது. கடலுக்குள் ஒற்றைத் தூண்.

மணலில் பொத்தென்று உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். "போச்சுடி! இனிமே யாரு நம்ம படகுல ஏறுவாங்க?"

மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் கண் கலங்கியது. தூணை நிமிர்ந்து பார்த்தவள் திடீரென்று குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"சிரிக்கிற நேரமாடி இது?"

"ஐயோ, அங்க பாருங்க! தூண் உச்சியப் பாருங்க!"

சுற்றியிருந்த பாறை பிய்த்துக்கொண்டு போக, சிமெண்ட் கட்டி மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. அதற்கு மேலே இரண்டு குழி, கண்கள் மாதிரி. அச்சு அசல் மூக்கனேதான்!

விஷயம் கேட்டு ஓடிவந்த மூக்கன், தூணைப் பார்த்தார். தன் மூக்கைத் தடவினார். "நான் இவ்வளவு பெருசாவா அப்பினேன்?" அவ்வளவுதான், அழுதவரும் சேர்ந்து சிரித்துவிட்டார்.

பாறைக்கு மூக்கு முளைத்த சேதி பரவியது. படகில் இடம் கிடைக்காமல் ஆட்கள் கரையில் காத்திருந்தார்கள். மூக்கனும் கூச்சமில்லாமல் முன்னால் உட்கார்ந்து, பக்கவாட்டில் முகம் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்.

ஒரு சின்னப் பெண் கேட்டாள். "இதுவும் விழுந்துடுமா தாத்தா?"

மனைவியின் எண்ணிக்கை பாதியில் நின்றது. படகுக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"விழாம? கூரை விழுந்துச்சு, தூணும் ஒருநாள் விழும். அதுக்குள்ள நல்லா பாத்துக்க கண்ணு! அதோ, அடுத்த பாறையில ரெண்டு பக்கமும் கடல் குடைய ஆரம்பிச்சாச்சு. உன் பேரனோட பேரன் வர்றப்ப அங்க வாசல் திறந்திருக்கும். எங்க வீட்டுப் படகுதான் நிக்கும், தைரியமா அனுப்பி வை!"

படகே சிரித்தது. லைஃப் ஜாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு முதலில் கைதட்டியவள் அவர் மனைவிதான்.