கொழும்புக்குப் போகவேண்டிய மாப்பிள்ளை

சலாஹுதீனுக்கு அன்று காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. கீழக்கரை பஸ் நிலையத்துக்கு இரண்டு தடவை நடந்து, ராமநாதபுரம் பஸ் நாலு மணிக்குத்தானே என்று இரண்டு தடவையும் ஒரே ஆளிடம் கேட்டான். கடற்கரைக்குப் போனான், அங்கேயும் கால் தரிக்காமல் திரும்பினான். ராமநாதபுரத்தில் ரயில், தனுஷ்கோடியில் கப்பல், அக்கரையில் கொழும்பு. கடை வேலை காத்திருந்தது. பாஸ்போர்ட்டும் விசாவும் கைக்கு வந்தாயிற்று. போகத்தான் மனசில்லை.

மனசில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஒப்பந்தம் போட்டதே அவன்தான்.

லத்தீபாவும் அவனும் ஒரே லெப்பையிடம் ஓதி, ஒரே பிரம்பில் அடி வாங்கியவர்கள். அவளுடைய முதல் புருஷன் கொழும்புக்குப் போனவன், அங்கிருந்தே தலாக் கடிதம் அனுப்பிவிட்டான். அவளுக்குக் கீழே தங்கை மலிகா. அந்த ஊர் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருக்க வேண்டும். ‘புருஷன் இல்லாத அக்கா இருக்கிற வீட்டுல எங்க புள்ளையக் குடிவைக்க முடியாது’ என்று சொல்லி மூன்று சம்பந்தம் தட்டிப் போயிற்று.

மூன்றாவது தட்டிப்போன அன்றுதான் சலாஹுதீன் வாயைக் கொடுத்தான். “பேருக்கு நான் ஒன்னக் கட்டிக்கிறேன். மலிகா நிக்காஹ் முடிஞ்சு நாப்பதாம் நாளு நான் கொழும்பு போயிர்றேன். இந்த ஊரு மாப்பிள்ளைகள்ல பாதிப் பேரு அங்கனதான கெடக்காங்க? யாரு கேக்கப் போறா?”

லத்தீபா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டுச் சரி என்றாள். அவனுக்கும் அதில் லாபம்தான். தொண்டியில் உம்மா பார்த்துவைத்திருந்த பெண்ணிடமிருந்து தப்பினான்.

ஆனால் ஒரு வருஷம் ஒரே அறையில் மூலைக்கொரு பாயில் படுத்து, ஊர்க்கதையெல்லாம் பேசி, மீன் ஆணத்தில் உப்பு போதாது என்று சண்டையும் போட்டால் மனுஷனுக்கு என்ன ஆகும் என்று இந்த இரண்டு புத்திசாலிகளும் யோசிக்கவில்லை. அவனுக்கு ஆகிவிட்டது. அவளுக்கும் ஆயிற்றா என்பதுதான் தெரியவில்லை. ‘போகாதே’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாஸ்போர்ட்டைக் கடலில் வீசிவிடுவான். அவள் சொன்னால்தானே?

மலிகாவின் நிக்காஹ் முடிந்து இன்றோடு நாற்பது நாள். மதியம் சாப்பாட்டில் அவனே பேச்சை எடுத்தான். “நாலு மணிக்கு பஸ்ஸு.”

“தெரியும். இன்னொரு துண்டு மீன் வைக்கவா?”

பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினான். கொஞ்ச நேரம் தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு, பெட்டியை எடுக்கத் தன் உம்மா வீட்டுக்குப் போனான். கல்யாணமானதும் எல்லா மாப்பிள்ளைகளும் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போவார்கள். இவன்தான் எப்படியும் போகிறவன் ஆயிற்றே என்று ஒரு பையோடு போனவன்.

பெட்டி இருந்த இடம் காலியாகக் கிடந்தது.

“லத்தீபா வந்து எடுத்துட்டுப் போயிட்டாளே,” என்றாள் உம்மா. “பொம்பளைங்க நடக்குற பின்சந்து வழியா வேகுவேகுன்னு வந்தா. வண்டிக்காரர் பாக்கரு தூக்கிட்டுப் போனாரு. ஒனக்குத் தெரியாதா?”

அவனுக்குச் சுருக்கென்றது. அவன் வந்து எடுக்கும் வரைக்கும்கூடப் பொறுக்காமல் பெட்டியை பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டாளா? அத்தனை அவசரமா? போகிற போக்கில் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவது என்று விடுவிடுவென நடந்தான்.

அறையில் பெட்டி வாய் திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. லத்தீபா தன் அலமாரிக்கு முன்னால் நின்று, புடவைகளை ஒதுக்கி, அவனுடைய சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“என்ன பண்ணுறே? பஸ்ஸுக்கு அரை மணிதான் இருக்கு.”

அவள் திரும்பவில்லை. கை மட்டும் நின்றது.

“முன்னால ஒருத்தன் பெட்டியத் தூக்கிட்டு இந்த வாசலத் தாண்டுனான். போகாதன்னு சொன்னா மரியாதை கொறஞ்சிரும்னு நான் வாயத் தொறக்கல. இன்னைக்கும் மத்தியானம் சோறு வைக்கும்போது வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்ல முடியல. அதான் பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டேன்.” குரல் உடைந்தது. “எனக்கு நீ வேணும், சலாஹுதீன். போகாத.”

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். காலையிலிருந்து ஓடிய கால் இரண்டும் அப்போதுதான் வலித்தன. சந்தோஷத்தில் வாய்க்கு வந்ததைக் கேட்டுவைத்தான்.

“வழியனுப்பக் கடைத்தெருவுல ஆளுக நிக்கிதுக. என்னன்னு சொல்ல?”

லத்தீபா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த சட்டையை எடுத்தாள்.

“பொஞ்சாதி விடலன்னு சொல்லு.”