வேண்டாதவை

திரையில் பதினேழு கட்டங்கள். பதினேழிலும் சிவப்புப் பெருக்கல் குறி. இளையவள் கம்ப்யூட்டரை நான்காவது தடவையாக அணைத்துப் போட்டுப் பார்த்தாள். பின்னணியில் அவள் சேர்த்திருந்த வீணை இசை மட்டும் பிசிறில்லாமல் ஓடியது. அம்மா பேச வேண்டிய இடமெல்லாம் கறுப்பு.

"என்னடி, வெறும் வாசிப்பா வருது. அம்மா எங்க?" என்றாள் அக்கா. படத்தில் ஒரு நகல் வாங்கிப் போகத்தான் இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

"இரு, பாக்குறேன்."

"காலையிலேர்ந்து பாத்துக்கிட்டுதான் இருக்க."

அம்மா பக்கத்து நாற்காலியில் இருந்தாள். கழுத்தில் வெள்ளைத் துணி. குரல்வளையை எடுத்தால்தான் பிழைப்பாள், அப்புறம் பேச்சு வராது என்று டாக்டர் சொன்ன வாரத்தில்தான் இளையவள் அவளைப் போனில் படம் பிடித்தாள். நாலு நாள். நல்ல புடவை கட்டவைத்து, பின்னால் துவைத்த திரையைத் தொங்கவிட்டு, பேச வேண்டியதைத் தானே எழுதிப் படித்துக் காட்டி, மனப்பாடம் பண்ணவைத்து. அம்மாவின் குரல் இனி அந்தப் படத்தில் மட்டும்தான்.

எடுத்த படம் கம்ப்யூட்டரில் திக்கித் திக்கி ஓடியது. உதடு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். இடம் போதவில்லை, பெரிய ஃபைல்களை அழித்தால் சரளமாக ஓடும் என்று எங்கோ படித்தாள். துண்டுகளைத்தான் படத்தில் சேர்த்தாகிவிட்டதே, அசல் எதற்கு என்று அழித்தாள். குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள். போனில் இருந்ததை அதற்கு முன்பே துடைத்தாகிவிட்டது. ஆனால் அவள் சேமித்து வைத்தது படமே இல்லை. எந்தத் துண்டை எங்கே வெட்டி எதோடு ஒட்டுவது என்ற குறிப்பு, அவ்வளவுதான். படமாக மாற்ற ஒரு பொத்தானை அமுக்கியிருக்க வேண்டும். அமுக்கவில்லை. அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவளுக்கு அது தெரியவில்லை. யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்பது அவளுக்குப் பழக்கமில்லை.

அழிந்ததை மீட்கும் மென்பொருளை நேற்றே ஓட்டிப் பார்த்துவிட்டாள். பச்சைக் கோடுகளும் ஒரு கீச்சலும் கிடைத்தன.

"போயிடுச்சுக்கா," என்றாள் கடைசியில். "நான்தான் அழிச்சேன்."

அக்கா குனிந்து திரையை உற்றுப் பார்த்தாள். பிறகு, "வேற எதுலயுமே இல்லயா?" என்றாள்.

"இல்ல."

அம்மா எழுந்தாள். ஜன்னலோரம் பேனாக்கள் போட்டு வைக்கும் டப்பாவைக் கவிழ்த்து, கிளறி, சிவப்புப் பென்டிரைவை எடுத்து வந்து விசைப்பலகை மேல் வைத்தாள். முதல் நாளே இடம் போதாமல், தேறாத துண்டுகளை மகள் அதில் ஏற்றியதை அவள் பார்த்திருந்தாள். அவள் கண்ணுக்கு எதுதான் தப்பியது.

"அதுல ஒண்ணுமில்லம்மா. எல்லாம் வேஸ்ட்டு."

அம்மா விரலால் அதைத் தள்ளினாள். போடு.

உள்ளே ஒரே ஃபோல்டர். 'வேண்டாதவை' என்று இளையவளே பெயர் வைத்திருந்தாள். முதல் துண்டைத் திறந்தாள். படம் வந்தது, சத்தமில்லை. வேறொரு பிளேயரில் போட்டாள். கரகரவென்று ஏதோ கேட்டது. பென்டிரைவைச் செருகியபோது பின்னால் ஸ்பீக்கர் ஒயர் இடறிப் பாதி கழன்றிருந்ததைப் பார்த்து அழுத்திச் செருகினாள்.

"நான் ஆஸ்பத்திரியில துணி தோய்க்கிறேன்," என்றது அம்மாவின் குரல், அறை நிறைய.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, அப்படிச் சொல்லாத. மருத்துவமனையில பணிபுரியறேன்னு சொல்லு. எத்தன தடவ சொல்றது?" இது இளையவளுடைய குரல். இவ்வளவு கூர்மையாகவா இருக்கும்?

"துணி தோய்க்கிறதும் பணிதானடி."

"நாலு பேரு பாப்பாங்கம்மா. மானத்த வாங்காத."

இளையவள் நிறுத்தப் போனாள். சலவைச் சோடாவில் வெடித்துக் காய்த்துப்போன கை ஒன்று அவள் கையைச் சுட்டியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. அவள் அம்மாவின் பக்கம் திரும்பவில்லை. அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இந்தக் கையோடு சேர்ந்து படுக்கை விரிப்புகளைப் பிழிந்த வருடங்களில்தான் அவள் படித்தாள்.

"இதயாடி வேண்டாம்னு வெச்ச?" என்றாள் அக்கா, மெதுவாக.

"சரி சரி, நீ சொல்ற மாதிரியே சொல்றேன். மரு... மருத்துவ... என்னது அது?" ஸ்பீக்கரில் அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலானது. "வாயில நுழைய மாட்டேங்குது. இத வேணா கேட்டுக்க. ரத்தக்கற பட்ட துணிக்கு எடுத்ததும் சுடுதண்ணி ஊத்தக் கூடாது. கற அப்படியே புடிச்சுக்கும்..."

படம் அங்கே சிக்கி நின்றது. அரைக்கண் மூடி, ஒரு கை தூக்கியபடி அம்மா. சத்தம் மட்டும் தொடர்ந்தது. இளையவள் அதைச் சரிசெய்யவில்லை.

"...பச்சத்தண்ணியில ஊறப் போடணும். அவசரப்படக் கூடாது. ஊறணும். அப்பறம் கையால மெதுவா..."

பக்கத்து நாற்காலியில், கழுத்துத் துணிக்கு மேலே, அம்மாவின் உதடுகள் ஒரு சொல் பிசகாமல் கூடவே அசைந்துகொண்டிருந்தன.